தொப்பியும் வாலும்

“உங்க லைஃப்ல யாரையாச்சும் பார்த்து நேரா, ‘இதைச் செய்’னு சொல்லியிருக்கீங்களா?”

டாக்டர் கிளீட்டஸ் வகுப்பில் இப்படிக் கேட்டபோது இருசம்மாள் அவசரப்படாமல் யோசித்தாள். மலாக்காவில் குருபோங் தொழிற்பேட்டையில் சாப்பாட்டு டப்பாக்களுக்குப் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் அவள் மூடி அடுக்குகிறவள். அவளை அதைச் செய், இதைச் செய் என்று சொல்லத்தான் ஆள் இருந்ததே தவிர, அவள் சொல்லிக் கேட்க யாரும் இருந்ததில்லை. கடைசியில் ஒருவர் நினைவுக்கு வந்தார்.

“வீட்டுக்காரர்கிட்ட சொல்லுவேன் சார். மாத்திரை போடுங்கன்னு.”

“‘போடுங்க’ன்னே சொல்லிடுவீங்களா? முன்னால ஒண்ணும் வைக்காம?”

“முன்னால தண்ணி வைப்பேன் சார்.”

டாக்டர் கண்களை மூடி மூச்சு விட்டார். குணமாகாத நோயாளியைப் பார்க்கும் வைத்தியரின் முகம் அவருக்கு நன்றாக வந்தது. அவர் வைத்தியர் இல்லை. எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்டதில்லை. அவருடைய அட்டையில் அப்படி அச்சடித்திருந்தது, அதுவே போதுமாயிருந்தது. மலாக்கா டவுனில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் கண்ணியமான ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் பயிலகம் வைத்திருந்தார். தொழிற்சாலை அவரை அங்கிருந்து வரவழைத்த கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மூடி வாங்குகிற கம்பெனி இங்கிலாந்தில் இருந்தது. அங்கிருந்து மிஸ் பார்லோ என்ற பெண்மணி ஆண்டுக்கு ஒரு முறை தணிக்கைக்கு வருவார். சென்ற ஆண்டு வந்தபோது, சூப்பர்வைசர் ராமையா லைனில் நின்று, “ஓய், தூக்கு லா, தள்ளு லா, செவிடா லா நீ?” என்று ஒவ்வொரு சொல்லுக்கும் இந்த ஊர் ‘லா’வை ஒட்டி வழக்கம்போல் வேலை வாங்கிக்கொண்டிருந்தார். மிஸ் பார்லோ ஊருக்குப் போய் எழுதிய அறிக்கையில், ஆட்கள் பேசும் விதத்தைக் கொஞ்சம் ‘குட் பி டைடிட் அப்’, அதாவது சீர் செய்யலாம் என்று ஒரு வரி இருந்தது. ஒரே வரி. பக்கத்து வரியில் கழிவறையில் சோப்பு இல்லை என்று எழுதியிருந்தார். அதை யாரும் படிக்கவில்லை. இன்றைக்கும் சோப்பு இல்லை.

‘செய்யலாம்’ என்கிற அந்த ‘குட்’டை என்ன செய்வது என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். செய்ய வேண்டுமா, வேண்டாமா, எதையாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்று ஜெனரல் மேனேஜர் கேட்டார். எச்.ஆர். மேனேஜர் தனபாலன் எழுந்து விளக்கினார். ஆங்கிலேயர் ‘மஸ்ட்’ என்று சொன்னால் பயப்பட வேண்டியதில்லை. ‘யூ மஸ்ட் கம் ஓவர்’ என்று வீட்டுக்கு அழைப்பார்கள், நாம் போய் நின்றால் எதற்கு வந்தாய் என்பதுபோல் பார்ப்பார்கள். ‘குட்’ என்றும் ‘மைட்’ என்றும் மெதுவாகச் சொன்னால்தான் ஆபத்து. ‘யூ மைட் வான்ட் டு லுக் இன்டு இட்’ என்றால், நாளைக்குள் சரி செய்யாவிட்டால் உன் கதை முடிந்தது என்று பொருள்.

அந்த விவகாரம் முழுவதிலும் யாரும் பேசிய உருப்படியான பேச்சு இது ஒன்றுதான். இவ்வளவு விவரம் தெரிந்த மனிதர், அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் தொழிற்சாலை பிழைத்திருக்கும். அவர் உட்காரவில்லை. ‘மரியாதையே முதல்’ என்று ஒரு திட்டத்துக்குப் பெயர் வைத்தார், டாக்டர் கிளீட்டஸை அழைத்துவந்தார்.

முதல் வகுப்பு கேன்டீனில் நடந்தது. சோற்றுப்பானை கழுவும் சத்தத்துக்கு மேல் டாக்டர் குரல் எழுப்பினார்.

“வெள்ளைக்காரன் பேசற வாக்கியத்தைப் பாருங்க. தலையில ஒரு தொப்பி இருக்கும். குட், வுட், மே, மைட். பின்னால ஒரு வால் இருக்கும். ஆஃப், அவுட், அப், டவுன். நடுவுல வினைச்சொல் மானத்த மறைச்சுக்கிட்டு நிக்கும். ‘குட் யூ ஸ்விட்ச் இட் ஆஃப்?’ பாத்தீங்களா? தொப்பி இருக்கு, வால் இருக்கு. நம்மாளு என்ன சொல்றான்? ‘நிறுத்து லா.’ அம்மணமா வருது. ஒரு லேடி முன்னால அம்மணமா வருது.”

இருசம்மாளுக்குப் பக்கத்தில் மலர்விழி உட்கார்ந்திருந்தாள். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்தவள், வாய் சும்மா இருக்காது.

“சார், ‘லா’ வால் இல்லையா?”

“அது வால் இல்ல. செருப்புல ஒட்டுன சேறு.”

பிறகு அவர் தன் இங்கிலாந்து வாழ்க்கையைச் சொன்னார். அதை ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கும்.

“நான் அங்க ஒரு வருஷம் இருந்தேன். ஒருத்தர்கூட என்னைப் ‘போ’ன்னு சொன்னதில்ல. வேல பார்த்த ரெஸ்டாரன்ட்ல முதலாளி தோள்ல கை வச்சு, ‘வீ மே ஹாவ் டு லெட் யூ கோ’ன்னாரு. உன்னை விட்டுட வேண்டி வரலாம். வரலாம். எவ்வளவு மென்மை. வாடகை வீட்டு அம்மா, ‘யூ மைட் வான்ட் டு மூவ் அவுட்’னு சொன்னாங்க. காலி பண்ண ஆசைப்படலாமேன்னு என் ஆசையைக் கேக்கறாங்க. அந்த வார்த்தைக்காகவே அன்னிக்கே பெட்டியத் தூக்கிட்டேன். ஏர்போர்ட்ல ஒரு ஆபீசர், ‘வுட் யூ மைண்ட் ஸ்டெப்பிங் அசைட்’னாரு. ரெண்டு பேரு பிளேன் படி வரைக்கும் கூடவே வந்தாங்க.”

“பிடிச்சு அனுப்பிட்டாங்களா சார்?” என்று மலர்விழி கேட்டாள்.

“வழியனுப்பி வச்சாங்க,” என்றார் டாக்டர்.

அடுத்த வாரம் தொப்பிகளைப் பங்கு பிரித்தார்கள். எல்லாரும் எல்லாத் தொப்பியும் போட்டால் மரியாதை கெட்டுப்போகும் என்று தனபாலன் கருதினார். ஆகவே ‘மஸ்ட்’ மேனேஜர்களுக்கு. ‘ஷுட்’ சூப்பர்வைசர்களுக்கு. ‘குட்’ லைன் லீடருக்கு. மூடி அடுக்குகிறவர்களுக்கு ‘மே’யும் ‘மைட்’டும். அவரவர் சொல்லை அட்டையில் அச்சடித்துக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். கூட்டிப் பெருக்கும் நேப்பாளி ஆளுக்கு ஒரு வெற்று அட்டை கிடைத்தது. அவன் அதை மற்றவர்களைவிடப் பெருமையாகப் போட்டுக்கொண்டான். அவனிடம் யாரும் எதுவும் கேட்க முடியாதாம், அவனும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லையாம்.

வால்களுக்கும் இதே கதிதான். இயந்திரத்தை ‘ஸ்விட்ச் ஆஃப்’ செய்யும்படி கேட்கும் உரிமை சூப்பர்வைசருக்கும் அவருக்கு மேலுள்ளவர்களுக்கும்தான். மூடி அடுக்குகிறவள் பார்வையில் ஏதாவது பட்டால், ‘யூ மைட் லைக் டு லுக் அட் இட்’, இதைக் கொஞ்சம் பார்க்க விரும்புவீர்களோ என்று லைன் லீடரிடம் கேட்கலாம். அந்த லீடர் போய் ராமையாவிடம் கேட்பாள். ராமையா ஆபீசுக்கு நடப்பார். இப்படி மரியாதை படியேறிப் போய்த் திரும்பி இறங்கி வருவதற்குள் கோணலான மூடிகள் மலைபோல் குவிந்துவிடும். கோணல் மூடிகளை அள்ளிக் கொட்ட ஒரு கூடை வாங்கினார்கள். அப்புறம் பெரிய கூடை வாங்கினார்கள்.

தீயணைப்பு ஒத்திகை நாளை யாரும் மறக்கவில்லை. மணி அடித்தது. ஒலிபெருக்கியில் தனபாலன், “யூ மே விஷ் டு மூவ் அவுட் ஆஃப் தி பில்டிங்,” என்றார். கட்டடத்தை விட்டு வெளியேற விரும்பினால் வெளியேறலாம். வெளியே நல்ல வெயில். பாதிப் பேர் விரும்பவில்லை. பாக்கிங் பகுதியில் இருந்தவர்கள் குளிர்சாதனத்துக்குக் கீழே உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். மறுநாள் கூட்டத்தில் தனபாலன், ஒத்திகை பெரும் வெற்றி என்று அறிவித்தார். ஒருவர்கூட ஒருவரையும் தள்ளவில்லை, கத்தவில்லை, ஓடச் சொல்லவில்லை. உண்மையிலேயே தீப்பிடித்திருந்தால் உள்ளே இருந்தவர்கள் மனம் புண்படாமல் செத்திருப்பார்கள்.

இதையெல்லாம் இருசம்மாள் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். அவளால் சிரிக்க முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. பகல் ஷிப்ட்.

ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று இத்தனை காலமும் மாறி மாறி வேலை பார்த்தாள். அவள் கணவர் மாயாண்டி செம்பனைப் பழ லோரி ஓட்டியவர். இனிப்பு நீர் வியாதி முதலில் காலைப் பார்த்தது, பிறகு இரண்டு கண்ணையும் எடுத்துக்கொண்டது. பகலில் பக்கத்து வீட்டு பவானேஸ்வரி எட்டிப் பார்த்துக்கொள்வாள். இரவில் அவர் தனி. தேத்தண்ணி குடிக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. ஓர் இரவு அவரே அடுப்பைப் பற்றவைத்தார். பாத்திரம் கரியாகி, பக்கத்தில் தொங்கிய துணி பிடித்துக்கொண்டு, புகையைப் பார்த்த பவானேஸ்வரி சுவரேறிக் குதித்து வந்து அணைத்தாள். அன்றைக்கு அவள் விழித்திருந்தாள். எல்லா இரவும் விழித்திருப்பாளா?

நிரந்தரப் பகல் ஷிப்ட் வேண்டுமென்று இருசம்மாள் கேட்டாள். முன்பெல்லாம் ராமையாவிடம் சொன்னால் போதும். இப்போது தனபாலன் வேறு விதி வைத்திருந்தார். மரியாதை ஆங்கிலம் முதல் நிலையில் தேறியவர்களுக்குத்தான் நிரந்தரப் பகல். ஏனென்றால் விருந்தாளிகள் பகலில்தான் வருகிறார்கள். இரவில் யாரும் வருவதில்லை, ஆகவே இரவில் மரியாதை தேவையில்லை.

இருசம்மாள் படித்தாள். வீடிருக்கும் ஜாசினுக்குத் திரும்பும் கம்பெனி பஸ்ஸில் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். வீட்டில் ஒத்திகை பார்க்க ஒரே ஓர் ஆள்தான்.

“என்னங்க, குட் யூ ப்ளீஸ் சிட் டவுன்?”

மாயாண்டி தலையைத் திருப்பினார். “யாரு வந்திருக்கா?”

“நான்தான்.”

“நீயா? பேங்க்லேர்ந்து ஆள் வந்திருக்குன்னு நெனச்சேன். உக்காருன்னா உக்கார மாட்டனா?”

“அப்படிச் சொல்லக் கூடாதாம்.”

“நான் லோரி ஓட்டுனப்ப மில்லுல கணக்கெழுதற கிராணி ‘ஏத்து’ம்பான், ‘எறக்கு’ம்பான். அவ்ளோதான் பேச்சு.”

“மரியாத இருந்துச்சா?”

“மரியாத இல்ல. பழம் லோரில இருந்துச்சு.” அவர் தடவித் தடவி நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். “இந்தா, உக்காந்துட்டேன். பாஸா ஃபெயிலா?”

“அடுப்புகிட்ட போகாதீங்க. அதுக்கு என்ன தொப்பி போடணும்னு தெரியல. போகாதீங்க, அவ்ளோதான்.”

“போனா?”

“போனீங்கன்னா நான் ராத்திரி வேலைய விட்டுட்டு இங்கதான் உக்காந்திருக்கணும். அப்புறம் தேத்தண்ணிக்குத் தூள் யாரு வாங்குவா?”



மிஸ் பார்லோ மறுபடி வரும் நாளே தேர்வு நாள் என்று முடிவானது. இருசம்மாளுக்குக் கொடுத்த வாக்கியம் ஒன்றுதான். மிஸ் பார்லோ லைனுக்கு அருகே வரும்போது, ‘மேடம், யூ மைட் லைக் டு ஸ்டெப் பேக்’ என்று சொல்ல வேண்டும். சற்றுப் பின்னால் நிற்க விரும்புவீர்களோ என்று அர்த்தம். சொல்லிவிட்டால் தேர்ச்சி.

அன்றைக்கு விருந்தாளிகளுக்கென்று புதிய வெள்ளை அங்கிகள் தைத்து வைத்திருந்தார்கள். முன்பிருந்தவற்றுக்கு முழங்கைவரைதான் கை. இயந்திரத்துக்கு அருகே நீளக் கை ஆகாது என்பது லைனில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. ஆனால் திட்டத்தின் பெயரையும் கொள்கையையும் கம்பெனியின் பெயரையும் சட்டைக் கையில் எழுத வேண்டும் என்று தனபாலன் விரும்பினார். வாசகம் நீளம். ஆகவே கையும் நீளமானது. மிஸ் பார்லோ குள்ளமான பெண்மணி. விரல் நுனியைத் தாண்டித் தொங்கிய ‘மரியாதையே முதல்’ என்ற ஆங்கில எழுத்துகளை அவர் இரண்டு முறை மடித்துவிட்டுக்கொண்டார். அது இரண்டு முறையும் அவிழ்ந்தது.

ஊர்வலம்போல் வந்தார்கள். முன்னால் தனபாலன், நடுவில் மிஸ் பார்லோ, பின்னால் டாக்டர். இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் ராமையா விறைப்பாக நின்றார். புதிய விதிப்படி சூப்பர்வைசர் தவிர வேறு யாரும் அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது, அவரும் முறையாகக் கேட்கப்பட்டால்தான் தொடலாம்.

மிஸ் பார்லோ மூடிகள் உருண்டு வரும் உருளைகளுக்கு மேல் குனிந்தார். அவிழ்ந்த சட்டைக் கை உருளையைத் தொடுவதுபோல் ஆடியது.  கையை நீட்டி அந்த அம்மாளைப் பின்னால் இழுக்கத்தான் இருசம்மாளின் உடம்பு எழுந்தது. எழுந்த உடம்பை அடக்கி, வாக்கியத்தைத் தேடி எடுத்தாள்.

“மேடம், யூ மைட் லைக் டு ஸ்டெப் பேக்.”

மிஸ் பார்லோ நிமிர்ந்து புன்னகை செய்தார். நன்றி, எனக்கு இதுவே வசதியாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார். விரும்புகிறாயா என்று கேட்டால் விரும்பவில்லை என்று சொல்வதுதானே முறை.

பக்கத்திலிருந்து தனபாலன் இருசம்மாளுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவள் தேறிவிட்டாள்.

அப்போது உருளை சட்டைக் கையைப் பிடித்தது.

“ஸ்டாப்,” என்றார் மிஸ் பார்லோ. பிறகு, “ஸ்டாப். ஸ்டாப்.”

ராமையாவின் கை பொத்தானை நோக்கிப் பாதிவழி போய் நின்றது. அவர் தனபாலனைப் பார்த்தார். தனபாலன் டாக்டரைப் பார்த்தார். டாக்டரின் முகம் ஒளிர்ந்தது.

“டெஸ்ட் பண்றாங்க,” என்றார் தாழ்ந்த குரலில். “தொப்பி இல்ல, வால் இல்ல, பாத்தீங்களா? வேணும்னே அம்மணமா ஆர்டர் போட்டு, நாம கீழ எறங்கறமான்னு பாக்கறாங்க. இங்கிலீஷ்காரங்க இப்படிப் பேசவே மாட்டாங்க. யாரும் பொத்தானத் தொடாதீங்க.”

ராமையா பாவம், மனிதர் நல்லவர்தான். ஆனால் அவருக்கும் அட்டை தொங்கியது. உருளைக்குள் முழங்கைவரை துணி போய்க்கொண்டிருந்த பெண்மணியைப் பார்த்து அவர் சற்றே தலை வணங்கி, “மேடம், குட் யூ ப்ளீஸ்...” என்று எடுத்துக்கொடுத்தார். மீதியை அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

மிஸ் பார்லோ வாக்கியத்தை முடிக்கவில்லை. அலறினார். அந்த அலறலுக்கு எந்த ஊர் மொழியும் தேவைப்படவில்லை. இருசம்மாள் மூடிக் கூடையை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடினாள். “நகரு,” என்று ராமையாவை இடித்தாள். பொத்தானை உள்ளங்கையால் அறைந்தாள்.

லைன் நின்றது. துணி தோள்வரை கிழிந்திருந்தது, மணிக்கட்டில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. எலும்புக்கு ஒன்றும் இல்லை. மலர்விழி அந்த அம்மாளைத் தாங்கிப் பிடித்து முதலுதவி அறைக்கு அழைத்துப்போனாள். போகும் வழியில் மிஸ் பார்லோ திரும்பி இருசம்மாளைப் பார்த்தார்.

மதியம் இருசம்மாளை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, ஆனால் குடிக்க விரும்புகிறாளா என்று முறையாகக் கேட்டார்கள்.

“நடந்தது ரொம்ப வருத்தம்,” என்று தனபாலன் ஆரம்பித்தார். “நீங்க கேக்காம பொத்தான அமுத்திட்டீங்க.”

“அந்தம்மா கேட்டாங்களே சார்.”

“அதைக் கேட்டதா எடுத்துக்க முடியாது,” என்றார் டாக்டர். “நான் யோசிச்சுப் பாத்தேன். ‘ஸ்டாப்’. ஒரே சொல்லு. அவங்க இங்கிலீஷ் முதல் நிலையைத் தாண்டாது. நம்ம தேர்வுல உக்காந்திருந்தா ஃபெயில் பண்ணியிருப்பேன்.”

“அப்ப மெஷின் நின்னது தப்பா சார்?”

“நின்னது தப்பில்ல,” என்றார் தனபாலன். “நிறுத்தினதுதான் தப்பு. புரிஞ்சுக்கணும் இருசம்மா. இவ்வளவு செலவு பண்ணி ஒரு சிஸ்டம் கொண்டுவந்திருக்கோம். கை மாட்டிக்கிறப்ப யாரும் நிறுத்தலன்னு அவங்க எழுதினா, சிஸ்டம் சரியில்லன்னு ஆயிடும். ஒருத்தி நிறுத்தினா, அவளே வந்து தப்புன்னு ஒத்துக்கிட்டான்னு எழுதினா, சிஸ்டம் நல்லா இருக்கு, ஒரு ஆள் மட்டும் சரியில்லன்னு ஆயிடும். ஒரு ஆள சரி பண்றது ஈஸி. சிஸ்டத்த சரி பண்ணா என் வேலை என்னாகறது?”

அவர் இதை மனம் திறந்து, வருத்தத்தோடு சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று ஆபீசில் அவருக்குப் பெயர்.

டாக்டர் ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தார். ‘ஐ ஷுட் நாட் ஹாவ் ஸ்விட்ச்ட் இட் ஆஃப்.’ நான் அதை நிறுத்தியிருக்கக் கூடாது. மாலை கூட்டத்தில் மிஸ் பார்லோவின் முன்னால் இருசம்மாள் இதைச் சொல்ல வேண்டும்.

“இது உங்க தகுதிக்கு மேல உள்ள வாக்கியம்,” என்று அவர் பெருந்தன்மையோடு சொன்னார். “‘ஷுட்’ சூப்பர்வைசருக்கு. ‘ஸ்விட்ச் ஆஃப்’பும் அங்கதான். இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் உங்களுக்கு ஸ்பெஷல் பர்மிஷன் தர்றோம்.”

மூலையில் நின்ற ராமையா தன் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி அவளிடம் நீட்டினார். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இருசம்மாள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “என் பகல் ஷிப்ட் சார்?”

தனபாலன் இரு கையையும் விரித்தார். “வீ மே லுக் இன்டு இட்.”

“‘மே’ வேணாம் சார்.”

“சரி. இட் ஷுட் கம் த்ரூ.”

“அதுவும் வேணாம் சார். வெளிய போர்டுல என் பேர மாத்துங்க. நான் பாக்கணும்.”

 டாக்டர், அவள் வாக்கியத்தில் தொப்பி இல்லை என்று ஏதோ முணுமுணுத்தார். தனபாலன் அவரைக் கையமர்த்தினார். அவரும் இருசம்மாளும் நடைபாதைக்குப் போனார்கள். ஷிப்ட் போர்டில் காந்தம் வைத்த சின்னத் தகட்டில் அவள் பெயர் இருந்தது. தனபாலன் அதை எடுத்து நிரந்தரப் பகல் என்ற கட்டத்தில் ஒட்டினார். அவள் அதை விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். பிறகு, அவர் கையெழுத்தும் போடட்டும் என்று நின்றாள். போட்டார்.

கூட்டத்துக்குப் போகுமுன் மலர்விழி அவளைக் கழிவறைப் பக்கம் இழுத்தாள்.

“அக்கா, கிறுக்கா உங்களுக்கு? அந்தம்மா கை இன்னிக்கு இருக்குன்னா அது நீங்க. நீங்களே போயி அது தப்புன்னு சொல்வீங்களா?”

“காப்பாத்துனது காப்பாத்தியாச்சுடி. இல்லன்னு வாயால சொன்னா அவங்க கை திரும்ப உள்ள போயிடுமா?”

“போகாது. ஆனா அவங்க என்ன நெனப்பாங்க?”

இருசம்மாள் குழாயைத் திறந்து வெறும் தண்ணீரில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மூடியின் பிளாஸ்டிக் வாசம் போகவில்லை. “அவங்க என்ன நெனச்சாலும் பிளேன் ஏறிப் போயிடுவாங்க. எங்க வீட்டு மனுசன் அடுப்புகிட்டதான் நிப்பாரு.”

“அப்புறம் எதுக்கு அழறீங்க?”

“யாரு அழறா,” என்று சொல்லி அவள் முகத்தையும் கழுவிக்கொண்டாள்.

கூட்ட அறையில் மிஸ் பார்லோ மணிக்கட்டில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். கிழிந்த அங்கியைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். ஜெனரல் மேனேஜர் இருந்தார். பெரிய தட்டில் பலகாரம் இருந்தது, யாரும் தொடவில்லை. தனபாலன் எழுந்து, எங்கள் தரப்பில் நடந்த ஒரு சிறு தவறுக்கு, அதைச் செய்தவரே இப்போது வருத்தம் தெரிவிப்பார் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

இருசம்மாள் உள்ளே வந்தபோது மிஸ் பார்லோவின் முகம் மலர்ந்தது. அவர் எழப் போனார். காயம்படாத கையை நீட்டியும்விட்டார்.

அந்தக் கையை எப்படிப் பிடிப்பது என்று இருசம்மாளுக்குத் தெரியவில்லை. பிடித்தால் வாக்கியம் வராது. அவள் ராமையாவின் அட்டை மார்பில் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

“ஐ ஷுட் நாட் ஹாவ் ஸ்விட்ச்ட் இட் ஆஃப்.”

இத்தனை வாரமும் அவள் வாயில் தடுக்கி விழுந்த எழுத்துகள் அன்றைக்கு ஒன்றுகூடத் தடுக்கவில்லை. டாக்டர் கிளீட்டஸ் மெய்மறந்து கைதட்டினார். தனபாலன் சேர்ந்துகொண்டார். ஜெனரல் மேனேஜர் எதற்கு என்று தெரியாமல் தட்டினார். வாசலருகே நின்ற ராமையா மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

மிஸ் பார்லோவின் கை இன்னும் நீட்டியபடி இருந்தது. அவர் இருசம்மாளையே பார்த்தார். பிறகு அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைப் படித்தார். தனபாலன் கழுத்து அட்டையைப் படித்தார், டாக்டருடையதையும் படித்தார். கை மெதுவாகக் கீழே இறங்கியது.

“மேடம்,” என்று டாக்டர் குனிந்து, தன் வாழ்நாளின் மிகச் சிறந்த குரலில், ஓரிரு வார்த்தை பேச விரும்புவீர்களோ என்று கேட்டார். அந்த வாக்கியத்தில் தொப்பி இருந்தது, வாலும் இருந்தது.

மிஸ் பார்லோ பையை நல்ல கையால் எடுத்துத் தோளில் மாட்டினார். கைதட்டல் இன்னும் முழுதாக ஓயவில்லை. அவர் நாற்காலியை உள்ளே தள்ளி வைத்தார், இருசம்மாளைக் கடந்து, ராமையாவைக் கடந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே நடந்தார்.